திருமலை அண்ணனும் கோயம்புத்தூர் ஸ்டாப்பும்

எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டும் திருமலை அண்ணனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. அவரைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார். படப்பையில் எந்த மனையில் வில்லங்கம், ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே எந்தக் கடையில் நேற்றைய சால்னாவைச் சுட வைத்து ஊற்றுகிறார்கள், எந்தக் கம்பெனியில் அடுத்த மாதம் ஆள் எடுக்கப் போகிறார்கள், எல்லாவற்றையும் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்காமல் சொல்லிவிடுவார். சொல்வதில் பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்.

நான் இசக்கியம்மாள். ஊர் தென்காசிப் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்கு வயர் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். சேரப்பணஞ்சேரியில் திருமலை அண்ணன் வீட்டு மாடி அறையில்தான் வாடகைக்கு இருக்கிறேன். காலையில் அவர் பஸ், சாயங்காலம் அவர் மாடி. ஆக, என் காதுக்கு ஓய்வு கிடைப்பது ஷிப்டு நேரத்தில் மட்டும்தான். அங்கேயும் மெஷின் சத்தம் உண்டு, ஆனால் மெஷின் பதில் எதிர்பார்க்காது.

அவர் குடும்பம் தலைமுறையாக நெல் போட்ட குடும்பம். நிலத்தில் பெரும் பங்கு கம்பெனிகளுக்குப் போய்விட்டது. வெளியூர்க்காரர்கள் யாராவது ஐயோ பாவம் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விசாரித்தால் அவருக்குக் கோபம் வரும். குனிந்து நாற்று நட்டவன் முதுகைக் கேட்டுப் பார், நான் இப்போது உட்கார்ந்துகொண்டே சம்பாதிக்கிறேன் என்பார். எங்கள் கம்பெனி நிற்கிற பக்கத்தில்தான் அவர்களுடைய களம் இருந்ததாம். அந்த இடத்தில் இப்போது பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிறார், ஒரு வருத்தமும் இல்லாமல்.

அவருக்கு ஒரே மகள், கலைமதி. பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தாள். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் ரேங்க்கும் நன்றாக வந்தது. அன்றிலிருந்து எங்கள் பஸ்ஸில் பாட்டு நின்றது, விசாரணை ஆரம்பித்தது. ஏறுகிற ஒவ்வொருவரையும் எந்தக் காலேஜ், என்ன கோர்ஸ், இப்போது என்ன வேலை என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார். எங்கள் பஸ்ஸில் இன்ஜினியர்களுக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கு ஒரு டிகிரி, எல்லோருக்கும் ஒரே யூனிபார்ம்.

பிரசன்னா மெக்கானிக்கல் படித்தவன். டிரெய்னி என்ற பெயரில் மூன்றாவது வருடமாக போல்ட் முடுக்குகிறான். எதை வேண்டுமானாலும் படிக்க வையுங்கள், மெக்கானிக்கல் மட்டும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டான். பின் சீட்டில் இருந்து ஒருவன் எலக்ட்ரிக்கல் வேண்டவே வேண்டாம் என்றான். கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு பிழைக்கலாம் என்று பஸ்ஸே ஒரு முடிவுக்கு வந்த நேரத்தில், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு எங்கள் ஸ்டோரில் அட்டைப்பெட்டி எண்ணும் பெண், என்னைப் பார்த்துமா இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

திருமலை அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கண்ணாடியில் எங்களை ஒரு பார்வை பார்த்துத் தீர்ப்பு சொன்னார்.

"எத்த படிச்சாலும் கடைசில என் பஸ்லதான் வந்து ஏறப் போறீங்க. அப்போ காலேஜுக்கும் என் பஸ்லயே வந்து போனா இன்னா?"

பஸ் போகிற வழியில் தாண்டவராயன் பொறியியல் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. வாசலில் பெரிய வளைவு, வளைவின் மேல் இரண்டு சிமெண்ட் யானைகள். அந்த வாசலில் நிற்கும் வாட்ச்மேன் திருமலை அண்ணனைப் பார்த்தால் சல்யூட் அடிப்பார். அங்கே செயற்கை நுண்ணறிவு என்று புதிதாக ஒரு கோர்ஸ் வந்திருந்தது. கோர்ஸ் என்னவென்று அண்ணனுக்குத் தெரியாது, ஆனால் பெயர் பிடித்துவிட்டது. காலையில் மகளை யானைகளுக்கு நடுவில் இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே இடத்தில் ஏற்றிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டார்.

கலைமதி வேறு முடிவில் இருந்தாள். அவளுக்கு சிவில் படிக்க வேண்டும், அதுவும் கோயம்புத்தூரில் உள்ள ஓர் அரசுக் கல்லூரியில். மொட்டை மாடியில் துணி காயப் போடும்போதெல்லாம் அந்தக் கல்லூரியைப் பற்றித்தான் பேசுவாள். ஏன் சிவில் என்று கேட்டேன். அவள் அப்பா மழைக்காலத்தில் படப்பை ரோட்டுப் பள்ளத்தில் பஸ்ஸை இறக்கும்போதெல்லாம் இந்த ரோட்டைப் போட்டவன் யார் என்று ஆரம்பித்து, அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாராம். குழந்தையில் இருந்து கேட்டுக் கேட்டு, அந்த ரோட்டைப் போடுகிற ஆளாக நாமே ஆகிவிட்டால் என்ன என்று தோன்றிவிட்டதாம். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் தண்ணீர் வடிகால், தார் கலவை என்று அவள் பேச ஆரம்பித்தால் துணி தானாகக் காய்ந்துவிடும்.

இதை அப்பாவிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். கோயம்புத்தூர் என் ரூட்டில் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டாராம். திருமலை அண்ணன் மகளை அடிக்கிறவரோ அதட்டுகிறவரோ இல்லை. டிவி சத்தத்தைக் கூட்டுகிறவர். அது இன்னும் கஷ்டம், ஏனென்றால் அதை எதிர்த்து வாதாட முடியாது.

பிடி முழுக்க அவர் கையில் இருந்தது. கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்யும்போது அவருடைய செல் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். கல்லூரிகளை வரிசைப்படுத்தி லாக் செய்ய வேண்டுமென்றால் ஓடிபி அவர் செல்லுக்குத்தான் வரும். அந்த செல் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். குளிக்கப் போனாலும் பாத்ரூம் ஜன்னலில் இருக்கும். அவர் வாய் திறந்து அந்த நம்பரைச் சொன்னால்தான் கலைமதி எங்கேயும் போக முடியும்.

லிஸ்ட் போட வேண்டிய ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்ததும் என் பழைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கீழே போனேன். போன வருட கட் ஆப்களைப் பார்த்துப் பார்த்து இருவரும் வரிசை போட்டோம். முதல் இடத்தில் கோயம்புத்தூர், சிவில். அதற்குக் கீழே சேலம், திருச்சி, மதுரை என்று மற்ற ஊர்களின் சிவில்கள். எதுவுமே கிடைக்காமல் போனால் வருடம் வீணாகிவிடுமே என்று கடைசி வரியில் தாண்டவராயன் கல்லூரி, செயற்கை நுண்ணறிவு. மேலே இருப்பதுதான் முதல் ஆசை. சீட் இருந்தால் அதையே கொடுத்துவிடுவார்கள், கீழே பார்க்கவே மாட்டார்கள். இதுதான் முறை.

கலைமதி ஒளிக்கிற பெண் இல்லை. அப்பாவைக் கூப்பிட்டு லிஸ்ட்டைக் காட்டி, அழுதாவது கெஞ்சியாவது ஓடிபி வாங்குவது என்று தயாராகத்தான் இருந்தாள். அவள் அம்மா செந்தாமரையும் சமையலறை வாசலில் துணைக்கு வந்து நின்றுகொண்டார். திருமலை அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். விரலை மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக நகர்த்தினார். கோயம்புத்தூரில் புருவம் நெரிந்தது. சேலத்தில் உதட்டைச் சுழித்தார். விரல் கடைசி வரிக்கு வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அத்த சொல்லு. நான் மொதல்ல பயந்தே பூட்டேன். எங்கெங்கியோ சுத்திட்டு கடைசில கரெக்டா நம்ப தாண்டவராயன் காலேஜுலதான் வந்து நிக்கிற. இம்மா ஸ்டாப்பு எதுக்கு? சும்மா லேட்டாவும். சரி, போட்டது போட்டுட்ட, இர்க்கட்டும்."

நாங்கள் மூன்று பேரும் விழித்தோம். அவர்தான் பெரிய மனது பண்ணி விளக்கினார்.

"நம்ப பஸ்ஸு படப்பைலருந்து பொறப்படுது. ரூட்டு ஷீட்டுல படப்பைதான் மேல கீது. அதுக்கோசரம் நாம படப்பைலயா வேல செய்யறோம்? கடைசில இன்னா போட்டுக்கீதோ, அதானே போய் சேர்ற எடம்."

எங்கள் பஸ் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ரூட் ஷீட் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. மேலே முதலில் ஏறுகிற இடம், வரிசையாக ஸ்டாப்புகள், அடியில் கம்பெனி கேட். இத்தனை வருடமாக தினமும் அதைப் பார்த்து ஓட்டுகிற மனிதர் ஒரு வரிசையை வேறு எப்படிப் படிப்பார்? கலைமதி வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். செந்தாமரை அக்கா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். கலைமதி வாயை மூடிக்கொண்டாள்.

ஓடிபியை அவரே உற்சாகமாக வாசித்தார், கடைசி எண்ணை இரண்டு தடவை. லாக் ஆனதும் மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிவரக் கிளம்பிவிட்டார். எனக்கும் ஒன்று வந்தது. நன்றாகத்தான் இருந்தது, நான் பொய் சொல்லவில்லை.

அடுத்து வந்த நாட்கள்தான் வேடிக்கை. பஸ்ஸில் ஏறுகிற எல்லோரிடமும் என் மகள் தாண்டவராயன் காலேஜ் என்று சொல்ல ஆரம்பித்தார். காலேஜ் வாசலில் பஸ்ஸை மெதுவாக்கி, அடுத்த மாதத்திலிருந்து தினமும் பார்க்கலாம் என்று வாட்ச்மேனுக்குக் குரல் கொடுத்தார். தன் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரத்தில் இருந்த கிழிந்த சீட்டைத் தைக்கக் கொடுத்து, புது உறை போட்டு, யாரையும் அதில் உட்காரவிடவில்லை. அது வழக்கமாக நான் உட்காருகிற சீட். லிஸ்ட் எப்படிப் போட்டீர்கள் என்று பிரசன்னா என்னைக் குடைந்து கேட்டு, விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணனிடம் சொல்லப் போனவனின் காலை மிதித்து உட்கார வைத்தேன். இரண்டு நாளில் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியாதவர் பஸ்ஸை ஓட்டுகிறவர் மட்டும்தான்.

சீட் ஒதுக்கிய செய்தி ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போகும்போது, பஸ் சேரப்பணஞ்சேரி தாண்டியதும் வந்தது. ஓரமாக நிறுத்திப் படித்தார். கோயம்புத்தூர், சிவில் என்று இருந்தது. அவர் அசரவே இல்லை. மொத ஸ்டாப்பையே காட்டுகிறது, சர்வர் மெதுவாக இருக்கிறது, போகப் போக நகரும் என்று எங்களுக்குத் தைரியம் சொன்னார். அடுத்தடுத்து ஆள் ஏற்ற நிற்கும்போதெல்லாம் செல்லை எடுத்துப் பார்த்தார். இன்னும் கோயம்புத்தூரிலேயே நிற்கிறதே, வண்டி ரிப்பேரா என்றார். முதலில் சிரித்தவர்கள் எல்லாம் மெல்ல மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கடைசியில் பிரசன்னா எழுந்து முன்னால் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொல்லிவிட்டான். அது ரூட் ஷீட் இல்லை அண்ணே, மேலே போட்டதுதான் அவளுக்கு வேண்டியது, கிடைத்துவிட்டது, அது இனி நகராது.

அதன் பிறகு கம்பெனி கேட் வரைக்கும் திருமலை அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த பஸ்ஸில் அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. வாட்ச்மேன் சல்யூட் அடித்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

சாயங்காலம் மாடிக்கு ஏறப் போன என்னை அவரே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். டிவி ஓடவில்லை. கலைமதி சுவரில் சாய்ந்து நின்றாள். நான் தப்பாகப் படித்தது உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொல்லியிருந்தா நீ நம்பர் குடுத்திருக்க மாட்டப்பா."

கலைமதிதான் தொடர்ந்து பேசினாள். இந்த சீட்டை ஏற்றுக்கொள்வதற்கும் ஓடிபி உண்டு, நாளையோடு கெடு முடிகிறது, அதுவும் உன் செல்லுக்குத்தான் வரும் என்றாள். வேண்டாம் என்று போட்டுவிட்டால் அடுத்த சுற்றில் தாண்டவராயன் கல்லூரி கட்டாயம் கிடைக்கும், நீ சொன்னால் அப்படியே போட்டுவிடுகிறேன், ஏமாற்றி வாங்கிக்கொண்டு நான் போக மாட்டேன் என்றாள். சொல்லும்போது குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். அந்தப் பெண் கேட்டது எல்லாம் அந்த ஒரு சீட்டைத்தான். அதையும் திருப்பி வைக்கிறேன் என்கிறாளே என்று எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

செந்தாமரை அக்கா இருவரையும் பொதுவாகத் திட்டினார். ஒருத்தருக்குப் படிக்கத் தெரியவில்லை, ஒருத்திக்குப் பேசத் தெரியவில்லை, நடுவில் எனக்குத்தான் அடுப்பும் அவஸ்தையும் என்றார். திருமலை அண்ணன் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அவர் சாப்பிடாமல் போனால் செந்தாமரை அக்காவும் சாப்பிட மாட்டார், அக்கா சாப்பிடாவிட்டால் கலைமதியும் மாட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பிட்டது நான் ஒருத்திதான்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினேன். புது உறை போட்ட சீட்டைக் காட்டி, உட்காரம்மா என்றார். தயங்கித் தயங்கி உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இசக்கி, உங்கப்பா எப்டிமா உன்ன இம்மா தூரம் அனுப்புனாரு?"

என் அப்பா சுடலைக்கண்ணு பூ கட்டி விற்கிறவர். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு என்னை ஏற்றிவிட வந்தார். ஜன்னல் சீட் வேண்டும் என்று கண்டக்டரோடு சண்டை போட்டார். எனக்குப் பிடிக்காத பிஸ்கட்டில் ஆறு பாக்கெட் வாங்கி மடியில் போட்டார். அதற்குப் பிறகு தினமும் போன் செய்து அங்கே மழை பெய்கிறதா என்று கேட்பார். கொளுத்துகிற மே மாதத்திலும் மழை பெய்கிறதா என்றுதான் கேட்டார். வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இதை எல்லாம் அண்ணனிடம் சொன்னேன்.

"அழுதாரா?"

"தெரியலண்ணே. பஸ் கெளம்பினப்பொறவு நான் திரும்பியே பாக்கல. பாத்திருந்தா எறங்கியிருப்பேன்."

அவர் தலையை ஆட்டினார். ஒரகடம் தாண்டி ஒரு ஹாஸ்டல் வாசலில் பஸ் நின்றது. ராமநாதபுரம், திருவாரூர், தருமபுரி என்று பல ஊர்ப் பெண்கள் தலையில் ஈரம் காயாமல், கையில் டிபன் டப்பாவோடு ஏறினார்கள். தினமும் ஏறுகிறவர்கள்தான். அன்றைக்கு அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசிப் பெண் ஏறிய பிறகும் வண்டியை எடுக்கவில்லை.

"எத்தினி பேரு வூட்டுப் பொண்ணுங்கள நான் இட்டுகினு போறேன்," என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு செல்லை எடுத்து மகளைக் கூப்பிட்டார். இசக்கி விட்டுப்போன லேப்டாப்பைத் திற, அந்த நம்பரை அனுப்பச் சொல் என்றார். எதற்கு அப்பா என்று அவள் கேட்டிருப்பாள் போல. சீட்டை வாங்குவதற்குத்தான், வேறு எதற்கு என்று எரிந்து விழுந்தார். அந்த எரிச்சலைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. எங்களை வழிவிடச் சொல்லிப் பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. பிரசன்னா கீழே இறங்கிப் போய் லாரிக்காரரிடம் என்னவோ சொன்னான்.

செல்லில் மெசேஜ் வந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. திருமலை அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்பீக்கரைப் போட்டு, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பாதியில் கலைமதியின் குரல் குறுக்கே வந்தது.

"அப்பா, தெரிஞ்சுதான் குடுக்கறியா?"

அவர் செல்லைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இந்த தபா தெரிஞ்சுதாம்மா குடுக்கறேன்," என்றார். மிச்ச எண்களையும் சொல்லி முடித்தார்.

அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை, ஸ்பீக்கரை அணைத்துவிட்டார். அன்றைக்கு பஸ்ஸோடு சேர்த்து நாங்கள் எல்லோரும் ஷிப்டுக்கு லேட். ஏன் என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, கோயம்புத்தூர் ஸ்டாப்பில் வண்டி நின்றுவிட்டது என்றான் பிரசன்னா.